டீசல் கார் யார் காசில் ஓடியது?

2012 மே 24 அன்று டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு. அதே பெட்ரோல் பங்கில் பக்கத்துக் குழாயில் டீசல் 40 ரூபாய் 91 காசு. அந்த நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணியர் வாகனங்களில் பாதிக்கும் மேல் டீசல் வண்டிகள். எட்டு ஆண்டுகள் கழித்து, 2020 ஜூன் 24 அன்று, டெல்லியில் டீசல் விலை முதன்முறையாகப் பெட்ரோலைத் தாண்டியது: டீசல் 79 ரூபாய் 88 காசு, பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு. அந்த நிதியாண்டில் விற்ற வண்டிகளில் டீசலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போயிருந்தது. இந்த எட்டு ஆண்டுகளில் டீசல் எஞ்சின் கெட்டுப்போகவில்லை. முன்னைவிட அமைதியாக, முன்னைவிடச் சுத்தமாக, அதே அளவு சிக்கனமாகத்தான் ஓடியது. மாறியதில் பெரியது பங்கில் எழுதியிருந்த விலை. எரிபொருளை மிச்சப்படுத்தும் கார் என்று நாம் கொண்டாடும் எதுவும் உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது, அந்த மிச்சத்தில் எஞ்சினின் பங்கு எவ்வளவு, அரசு தன் கையிலிருந்து போட்ட பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இந்த வரலாற்றைவிட நல்ல ஆதாரம் நம் நாட்டில் இல்லை. மின்சாரக் காருக்கும் ஹைபிரிட் காருக்கும் சலுகைகள் பேசப்படும் இந்த நேரத்தில் அந்தக் கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

டீசல் மலிவானதற்கு ஒரு நியாயமான தொடக்கம் இருந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை இறுக்கியபோது, பீப்பாய் மூன்று டாலரை ஒட்டி இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. அந்தப் பத்தாண்டில்தான் எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய அந்நிய நிறுவனங்கள் இங்கே அரசுடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியமாகவும் பாரத் பெட்ரோலியமாகவும் உருவெடுத்தன. எண்ணெய்ப் பொருள்களின் விலையை அரசே நிர்ணயித்தது. ஒரு பொருளில் வரும் லாபத்தைக் கொண்டு இன்னொரு பொருளின் நட்டத்தை ஈடுகட்ட ஒரு பொதுக் கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கில் பெட்ரோல் கொடுக்கும் பக்கம், மண்ணெண்ணெயும் சமையல் எரிவாயுவும் வாங்கும் பக்கம். டீசலை அரசு எப்போதும் தாங்கிப் பிடித்தது. காரணம் வெளிப்படையானது. அன்றைக்குப் பெட்ரோல் போட்டவர்கள் அம்பாசடர், பியட் வைத்திருந்த சிலர். டீசல் போட்டவை லாரி, பஸ், டிராக்டர், கிணற்று மோட்டார். டீசல் விலை ஏறினால் நெல்லிலிருந்து தீப்பெட்டி வரை எல்லாவற்றின் விலையும் ஏறும். பணக்காரரின் எரிபொருளுக்கு வரி, பாமரரின் எரிபொருளுக்குச் சலுகை என்பது 1975-ல் ஏறக்குறைய சரியாகவே இருந்த கணக்கு.

ஆனால் விலையில் இவ்வளவு பெரிய சரிவு இருந்தால், சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் சாயாமல் இருப்பார்களா? எழுபதுகளின் முடிவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடருக்குள் ஒன்றரை லிட்டர் டீசல் எஞ்சினை வைத்தது. 37 குதிரைத்திறன்தான். மேட்டில் ஏறத் திணறும், சத்தத்தில் பின்சீட்டில் இருப்பவர் பேசுவது முன்சீட்டுக்குக் கேட்காது. ஆனாலும் டாக்ஸிக்காரர்கள் அதை வாங்கினார்கள். அவர்களுக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்பதே கேள்வி. சென்னைத் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலை 325 சிசி டீசல் புல்லட்டையே தயாரித்து விற்றது. ஆறரை குதிரைத்திறன் கொண்ட மோட்டார் சைக்கிளை, அதன் உறுமலையும் புகையையும் பொறுத்துக்கொண்டு ஓட்ட மக்கள் தயாராக இருந்தார்கள் என்றால் அந்த விலை இடைவெளியின் ஈர்ப்பு எத்தகையது என்று புரிந்துகொள்ளலாம். இதே ஈர்ப்புதான் பிறகு மாருதி ஆம்னி வேன்களுக்குள் வீட்டுச் சமையல் சிலிண்டரைக் கொண்டுபோய் வைத்தது. அடுப்புக்குக் கொடுத்த சலுகை சாலையில் ஓடியது. தீ விபத்துகளில் உயிர்களும் போயின. ஒரே பொருளை ஒருவருக்கு மலிவாகவும் இன்னொருவருக்கு முழு விலைக்கும் விற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஆம்னி வேன் முதல் எச்சரிக்கை. அதை யாரும் டீசலோடு சேர்த்து யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளில் நிலைமை வேகமெடுத்தது. டாடா சுமோ 1994-ல் வந்தது. 1998 டிசம்பரில் இண்டிகா அறிமுகமானபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டி முன்பதிவு செய்தார்கள். இந்தியாவில் சிறிய குடும்பக் கார் ஒன்று டீசலை முன்னிறுத்தி விற்பனைக்கு வந்தது அப்போதுதான். அடுத்த திருப்பம் 2007-ல் வந்த மாருதி ஸ்விப்ட் டீசல். அதிலிருந்த 1.3 லிட்டர் பியட் மல்டிஜெட் எஞ்சின் பழைய அம்பாசடர் எஞ்சினின் பரம்பரையே அல்ல. உயர் அழுத்தத்தில் எரிபொருளைத் துல்லியமாகத் தெளித்து, டர்போ துணையோடு பெட்ரோல் காருக்கு நிகராகச் சீறியது. மாருதி, டாடா, பியட் என்று பல நிறுவனங்களின் கார்களில் ஒரே எஞ்சின் புகுந்ததால் வண்டி ஆர்வலர்கள் அதை இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே அழைத்தார்கள். மறைமலைநகரில் உருவான ஃபோர்டு ஃபிகோ, ஒரகடத்தில் 2012-ல் தயாராகத் தொடங்கிய ரெனோ டஸ்டர் ஆகியவற்றுக்கும் டீசலே பலம். இதற்கிடையே ஒரு முக்கியமான முடிவை அரசு பாதியோடு நிறுத்தியிருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சந்தைக்கு விட்டது, டீசலை விடவில்லை. அதன்பின் கச்சா எண்ணெய் ஏற ஏறப் பெட்ரோல் வேகமாக ஏறியது, டீசல் கீழேயே நின்றது. 2012-ன் 32 ரூபாய் இடைவெளி அப்படிப் பிறந்தது.

இப்போது கார் வாங்குகிறவரின் பக்கத்திலிருந்து கணக்குப் போடுவோம். ஒரே மாடலில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் டீசல் கார் 19 கிலோமீட்டரும் தருவதாகவும், டீசல் காரின் விலை ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் என்றும் வைத்துக்கொள்வோம். அன்றைய சிறிய கார்களுக்கு இது பெருமளவு பொருந்தும். 2012 மே விலையில் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 88 காசு, டீசலுக்கு 2 ரூபாய் 15 காசு. மிச்சம் 2 ரூபாய் 73 காசு. கூடுதலாகக் கொடுத்த லட்ச ரூபாய் ஏறக்குறைய 37,000 கிலோமீட்டரில் திரும்பி வந்துவிடும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத்துக்கு இது நான்கு ஆண்டுக்கும் குறைவு. சரி, டீசலும் பெட்ரோல் விலைக்கே விற்றிருந்தால்? டீசல் காரின் செலவு கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 85 காசாக இருந்திருக்கும். மிச்சம் 1 ரூபாய் 3 காசு. போட்ட பணம் திரும்ப 97,000 கிலோமீட்டர், அதாவது அந்தக் குடும்பத்துக்கு ஒன்பது ஆண்டுக்கு மேல். ஆக, 2 ரூபாய் 73 காசு மிச்சத்தில் எஞ்சின் சம்பாதித்தது ஒரு ரூபாய் சொச்சம். மீதி 1 ரூபாய் 70 காசு விலைக் கொள்கை கொடுத்தது. ஐந்தில் மூன்று பங்கு மைலேஜ் இல்லை. வரி வித்தியாசமும் மானியமும்.

அந்த ஒரு ரூபாய் சொச்சத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. டீசல் பெட்ரோலைவிட அடர்த்தியான எரிபொருள். ஒரு லிட்டரில் அடங்கிய ஆற்றலும் கரியும் அதிகம். லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.31 கிலோ கரியமில வாயு, லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ. மேலே சொன்ன இரண்டு கார்களையும் கிலோமீட்டர் கணக்கில் வைத்தால் பெட்ரோல் 154 கிராம், டீசல் 141 கிராம். லிட்டர் கணக்கில் கால் பங்குக்கும் மேலாகத் தெரிந்த சிக்கனம் கரிக் கணக்கில் எட்டு, ஒன்பது சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சிறு நன்மையும் கைக்கு வரவில்லை. எரிபொருள் மலிவானதும் வாங்குபவர் சிறிய பெட்ரோல் காரிலிருந்து சிறிய டீசல் காருக்கு மட்டும் மாறவில்லை. பெரிய டீசல் வண்டிக்கும் மாறினார். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தரும் எஸ்யூவி கிலோமீட்டருக்கு 200 கிராமைத் தாண்டும், ஆனால் 2012 விலையில் அதன் ஓட்டச் செலவு 3 ரூபாய் 15 காசு. 15 கிலோமீட்டர் தரும் சின்னப் பெட்ரோல் காரைவிடக் குறைவு. அதிக எரிபொருளைக் குடிக்கும் வண்டி சிக்கனமானதாகத் தோன்றிய காலம் அது. புகையின் கணக்கு தனி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது 2012 ஜூனில். விலை இடைவெளி உச்சத்தில் நின்றதும் அதே கோடைதான்.

மானியம் எவ்வளவு? 2012-13-ல் டீசலை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு மட்டும் சுமார் 92,000 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் கார்கள் எவ்வளவு எடுத்தன என்பதுதான் வாதமாக இருந்தது. விற்ற டீசலில் பெரும்பகுதி லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் போயிற்று என்பது உண்மை. சொந்தக் கார்களின் பங்கு சிறியது என்று கார் தொழில் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் 2013 ஜனவரியில் நடந்ததைப் பார்த்தால் அந்த வாதத்தின் பின்னால் இருந்த அநீதி தெரியும். விலையைத் திருத்த முற்பட்ட மத்திய அரசு இரண்டு முடிவுகளை எடுத்தது. பங்கில் வாங்கும் சில்லறை வாடிக்கையாளருக்கு மாதம் சுமார் 50 காசு வீதம் மெல்ல ஏற்றம். மொத்தமாக வாங்குபவருக்கு உடனடியாக முழுச் சந்தை விலை. மொத்தமாக வாங்குபவர்கள் யார்? ரயில்வே, ராணுவம், மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள். ஒரே நாளில் அரசுப் பேருந்தின் டீசல், எஸ்யூவிக்காரர் போடும் டீசலைவிட லிட்டருக்குச் சுமார் 10 ரூபாய் கூடிவிட்டது. ஐம்பது பேரைச் சுமந்து போகும் பேருந்து முழு விலை கொடுக்கவேண்டும், ஒருவரைச் சுமந்து போகும் கார் மானிய விலையில் நிரப்பிக்கொள்ளலாம்! பல மாநிலக் கழகங்கள் தங்கள் பணிமனைப் பங்குகளை மூடிவிட்டுச் சாலையோரப் பங்குகளில் பேருந்துகளை வரிசையில் நிறுத்தின. கேரளம் நீதிமன்றம் சென்றது. மொத்தமாக வாங்கும் கழகம் மானியத்துக்கு உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் சொன்னது. டீசலுக்கு மானியம் எதற்காகத் தொடங்கியதோ அந்தப் பேருந்துப் பயணிதான் முதலில் அதை இழந்தார். நிர்வாகத்துக்கு அதுவே எளிதாக இருந்தது: மொத்தக் கொள்முதலுக்குத் தனி விலைப் பட்டியல் உண்டு, பங்குக் குழாயில் வருவது காரா டிராக்டரா என்று பிரிக்க வழியில்லை.

அப்படியென்றால் அரசு வேறு என்னதான் செய்திருக்க முடியும், விவசாயியையும் லாரிக்காரரையும் காப்பாற்ற டீசலைத் தாங்கியபோது கார் ஒட்டிக்கொண்டது தவிர்க்க முடியாதது இல்லையா என்று கேட்கலாம். பங்கில் பிரிக்க முடியாது என்பது சரி. வண்டி விற்கும் இடத்தில் பிரிக்க முடியும். எரிபொருள் விலையை ஆராய்ந்த கிரீத் பாரிக் தலைமையிலான குழு 2010 பிப்ரவரியிலேயே வழி சொல்லியிருந்தது: டீசல் கார் ஒவ்வொன்றுக்கும் 80,000 ரூபாய் கூடுதல் கலால் வரி போடுங்கள், கார்க்காரர் தன் வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கப்போகும் சலுகையை வாசலிலேயே திருப்பிக் கட்டட்டும். டிராக்டரையும் லாரியையும் அது தொடாது. மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தத் தொகை பேராசை இல்லை. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 70 காசு விலைச் சலுகை, ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் 85,000 ரூபாய். பரிந்துரை ஏற்கப்படவில்லை. கார் ஆலைகளின் வேலைவாய்ப்பு பாதிக்கும் என்று பேசினார்கள். பெரிய எஸ்யூவிகளுக்கு 2013 வரவுசெலவுத் திட்டத்தில் கலால் வரியை 27 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்தியதோடு விஷயம் நின்றது. தவிர்க்க முடியாதது என்று சொல்வதைவிட, வழி கையில் இருந்தும் எடுக்கவில்லை என்று சொல்வதே பொருத்தம்.

அதன்பின் வந்தது எல்லோரும் அறிந்த சரிவு. மாதம் 50 காசு ஏறிக்கொண்டே வந்தது. 2014 பாதிக்குப் பிறகு உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விழுந்தது. அந்த அக்டோபரில் டீசல் விலையும் சந்தைக்கு விடப்பட்டது. பிறகு அரசு திசை மாறியது. அதுவரை தாங்கிப் பிடித்த எரிபொருளின்மேல் வரியை ஏற்றத் தொடங்கியது. 2014-ல் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த டீசல் கலால் வரி 2020 மே மாதத்தில் 31 ரூபாய் 83 காசு. பெட்ரோலின் வரியை அது கிட்டத்தட்ட எட்டிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்து, டீசல் எஞ்சினுக்குப் புகை வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவியும் தேவைப்பட்டன. பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் விலை வித்தியாசம் ஒன்றரை லட்சம் என்று கொண்டால், 2020 ஜூன் விலையில் கூடுதல் பணம் திரும்ப சுமார் 1,35,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இந்தச் சரிவில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சாட்சி ஒரு சின்னக் கார். 2015 ஜூனில் மாருதி, செலேரியோவில் தானே உருவாக்கிய 793 சிசி டீசல் எஞ்சினை வைத்து விற்றது. அதிகாரபூர்வச் சோதனையில் லிட்டருக்கு 27.62 கிலோமீட்டர்; அன்று நாட்டிலேயே அதிக மைலேஜ் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கார். இரண்டு ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை, 2017-ல் விடைபெற்றது. மைலேஜுக்காகவே கார் வாங்குகிறவர்கள் என்று பெயரெடுத்த நாட்டில், உச்ச மைலேஜ் தந்த கார் விலை போகவில்லை. மக்கள் மைலேஜைத் தேடவில்லை, கிலோமீட்டர் செலவைத் தேடினார்கள். விலை இடைவெளி சுருங்கியதும் அவர்கள் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது.

மானியம் இல்லாவிட்டால் மல்டிஜெட் போன்ற எஞ்சின் இங்கே தயாராகியிருக்குமா, புதிய தொழில்நுட்பம் காலூன்ற ஆரம்பத்தில் யாராவது சுமையைத் தாங்கத்தானே வேண்டும் என்பது இன்னொரு எதிர்வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. சந்தை உறுதியாக இருந்ததால்தான் ரஞ்சன்காவிலும் மானேசரிலும் எஞ்சின் ஆலைகள் எழுந்தன. உதிரிபாகத் தொழிலின் திறமை வளர்ந்தது. ஆனால் தொழில்நுட்பத்தைத் தாங்கும் உதவிக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கவேண்டும், செலவு குறையக் குறைய உதவியும் குறையவேண்டும். டீசலுக்குக் கிடைத்தது அப்படிப்பட்டதா? கச்சா எண்ணெய் ஏறும்போது தானாக வீங்கி, யாரும் வாக்களிக்காமல் பெருகிய உதவி அது. வேரூன்றிய பின் முழுதாகப் பிடுங்கப்பட்டு, மேலே வரியும் ஏறியது. அதை நம்பி ஆலை கட்டியவர்களும் கார் வாங்கியவர்களும் நடுவில் சிக்கினார்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. சலுகை விலையைப் பார்த்து வாங்கிய குடும்பங்கள் மறுவிற்பனையில் அதைத் திருப்பிக் கட்டின. அரசின் விலைச் சைகையை நம்பியது அவர்கள் குற்றம் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து எழும் முக்கியமான முடிவு ஓட்டத்தைப் பற்றியது. ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். டீசலும் பெட்ரோலும் ஒரே விலைக்கு விற்றாலும் அதற்குக் கூடுதல் லட்சம் இருபது மாதத்துக்குள் திரும்பிவிடும். மானியம் இல்லாமலே அது டீசலுக்குப் போயிருக்கும், அம்பாசடர் காலத்திலிருந்து போனது. மானியம் யாருடைய முடிவை மாற்றியது என்றால் ஆண்டுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவரின் முடிவை. அவர்தான் மிகக் குறைவாக எரிபொருள் எரிப்பவர், ஆகவே மிகக் குறைவாக மிச்சப்படுத்தக்கூடியவர். பொதுப்பணம் மிக அதிகமாகச் செலவாகி மிகக் குறைந்த லிட்டர்களை மீட்ட இடம் அது.

மின்சார, ஹைபிரிட் வண்டிகளின் சலுகைகளையும் இதே தராசில் வைத்தாக வேண்டும். 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் ஃபேம் திட்டத்தில், நின்று கிளம்பும்போது சிறிதளவு மின் உதவி தரும் மைல்டு ஹைபிரிட் டீசல் கார்களுக்கும் மானியம் கிடைத்தது. மாருதி சியாஸும் எர்டிகாவும் அதில் பயன்பெற்றன. அந்த மானியம் 2017 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. டீசல் விலை மானியத்தை நீக்கிய அரசு, மறுபக்கம் டீசல் காருக்கே பசுமை மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, உண்மையிலேயே எரிபொருளை நன்றாக மிச்சப்படுத்தும் பெரிய ஹைபிரிட்களுக்குச் சுமை 43 சதவீதம். மின்சார வண்டிக்கு முதலில் 12, 2019 ஆகஸ்டிலிருந்து 5. லிட்டர் எவ்வளவு மிச்சம் என்ற ஒரே அளவுகோலை வைத்திருந்தால் இப்படி ஒரு பள்ளத்தாக்கு விழுந்திருக்காது. வெளிநாட்டிலும் வரிதான் கணக்கை எழுதியது. பெங்களூரில் 2001-ல் வந்த ரேவா என்ற சின்ன மின்சாரக் கார் இங்கே தடுமாறியது. லண்டனில் ஓரளவு விற்றது. 2003-ல் லண்டன் நகர மையத்தில் நாளுக்கு ஐந்து பவுண்டு நெரிசல் கட்டணம் வந்ததும், மின்சாரக் காருக்கு அதில் விலக்கு இருந்ததும் பெரிய காரணம். நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரம். அங்கே வாங்கும் வரியும் மதிப்புக் கூட்டு வரியும் நீண்ட காலம் விலக்கப்பட்டிருந்தன. 2023-லிருந்து ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு வரி விதிக்கத் தொடங்கினார்கள். அறிவித்து, படிப்படியாக, விலையுயர்ந்த காரிலிருந்து தொடங்கி. நாம் டீசலில் செய்யத் தவறியது அதுவே.

மின்சாரக் காரை டீசலோடு ஒப்பிடலாமா, அது எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கிறதே, தெருவில் புகையே விடுவதில்லையே என்று வாசகர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்வி. டீசல் மானியம் எண்ணெய் எரிப்பதை ஊக்குவித்தது. மின்சார வண்டி எண்ணெயிலிருந்து விலகுகிறது. இலக்கில் இரண்டும் எதிரெதிர் என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன், சலுகை கூடாது என்பதும் என் வாதமில்லை. ஆனால் இலக்கு நல்லதாக இருப்பதால் கணக்கு தானாகச் சரியாகிவிடாது; 1975-ல் டீசலின் இலக்கும் நல்லதுதான். மின்சாரக் கார் உரிமையாளர் கிலோமீட்டருக்கு மிச்சம் பிடிக்கும் ரூபாயில் ஒரு பங்கு மோட்டாரின் திறமை. இன்னொரு பங்கு பெட்ரோலில் அவர் கட்டிவந்த வரி. எல்லோரும் மின்சாரத்துக்கு மாறும் நாளில் அந்த வரியை அரசு வேறெங்காவது வசூலித்தே தீரும், அப்போது மிச்சத்தின் ஒரு பகுதி கரையும். இதை இன்றே சொல்லிவிடுவது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம். ஓட்டத்தின் விதியும் மாறவில்லை என்பதற்கு இந்தியச் சந்தையே ஆதாரம். 2024-25-ல் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கும் மேல் மின்சாரம். கார்களில் நூற்றுக்கு மூன்றைக்கூட எட்டவில்லை. இரண்டுக்கும் ஜிஎஸ்டி அதே 5 சதவீதம். நாளெல்லாம் ஓடும் மூன்று சக்கர வண்டி கணக்குப் பார்த்து மாறிவருகிறது, பெரும்பாலும் நிற்கும் கார் மாறவில்லை.

சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. நகரப் பேருந்து ஒன்று நாளைக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி ஓடுகிறது. டீசலில் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் என்று வைத்தால் சுமார் 45 லிட்டர். ஒரு சொந்தக் கார் நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடி எரிப்பது இரண்டு லிட்டர். ஒரு பேருந்தை மாற்றுவது இருபதுக்கு மேற்பட்ட கார்களை மாற்றுவதற்குச் சமம். அதில் போகிறவர்கள் 2013-ல் மானியத்தை முதலில் இழந்த அதே பயணிகள். ஓட்டச் செலவில் பேருந்தும் ஆட்டோவும் டாக்ஸியும் தாமே மிச்சம் பிடித்துவிடும். அவற்றைத் தடுப்பது முதலில் போடவேண்டிய பெரிய தொகையும் அதற்கான வட்டியும். எனவே விலையுயர்ந்த காருக்கு விட்டுக்கொடுக்கும் வரியை ஆண்டுக்கு ஆண்டு அறிவித்துக் குறைத்து, அந்தப் பணத்தைப் பேருந்துக் கொள்முதலுக்கும் ஆட்டோ, டாக்ஸிக்காரர்களின் குறைந்த வட்டிக் கடனுக்கும் மாற்ற மத்திய, மாநில அரசுகள் முன்வர வேண்டும். ஒவ்வொரு சலுகையிலும் எத்தனை ரூபாய்க்கு எத்தனை லிட்டர் மீண்டது என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைக்க வேண்டும். டீசலுக்கு 92,000 கோடி செலவான அந்த ஆண்டில் அப்படி ஒரு கணக்கு யாரிடமும் கேட்கப்படவில்லை.